ஓட்டையே இல்லாத சவ்வுக்குள் அயனி எப்படிப் போகிறது?

ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத்தில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்விக்கே நான் தப்பாகப் பதில் சொன்னேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த, கண்ணாடி போலத் தெளிவாக ஆனால் விரலால் மடித்தால் மடங்குகிற ஒரு துண்டுத் தாளை என் முன்னால் வைத்தார். "இதுக்குள்ள புரோட்டான் போகும், குளோரைடு போகாது. எப்படி?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் மேடம், சல்லடை மாதிரி. புரோட்டான் சின்னது, போயிடும். குளோரைடு பெருசு, மாட்டிக்கும்." அவர் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "அப்ப சோடியம்?" என்று மட்டும் கேட்டார்.

சோடியமும் போகும். அது எனக்குத் தெரியும். தண்ணீரில் சோடியம் தனியாக அலையாது, தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் நகரும், அப்படிப் பார்த்தால் அது குளோரைடைவிடக் கொஞ்சம் பெரியதுதான் என்பதும் எங்கோ படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. பெரியது போகிறது, சின்னது நிற்கிறது. என் சல்லடை அங்கேயே கிழிந்துவிட்டது.

என்னை ஏன் சேர்த்துக்கொண்டார் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் பதில் எனக்குப் பிடிக்காமல் போகலாம்.

அவருடைய ஆராய்ச்சி பாலிமர் சவ்வுகளில் அயனிகள் எப்படி நகர்கின்றன என்பது. சவ்வு என்று இங்கே எழுதுகிறேன், ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது மெம்பிரேன்தான். ஹைட்ரஜன் எரிபொருள் செல்லில் நடுவில் இருப்பது, உப்புக் கரைசலிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலைகளில் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பது, உப்புநீரை மின்சாரத்தால் நன்னீராக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் அடுக்கில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்படுவது, வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் இரு திரவங்களும் கலந்துவிடாமல் காப்பது, எல்லாம் இந்தக் குடும்பம். பயன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறையப் பேசலாம். ஆனால் பேராசிரியருக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. மானியம் கேட்டு எழுதும்போது முதல் பக்கத்தில் அதையெல்லாம் எழுதுவார். மற்றபடி அவரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றே ஒன்று: உள்ளே என்ன நடக்கிறது?

அன்று அவர் காட்டிய தாள் நாஃபியான். டூபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் 1960களின் கடைசியில் உருவாக்கியது. நீளச் சங்கிலி கிட்டத்தட்ட டெஃப்லான். அதிலிருந்து அங்கங்கே ஒரு கிளை தொங்கும், கிளையின் நுனியில் ஒரு சல்போனிக் அமிலத் தொகுதி இருக்கும். டெஃப்லானுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, சல்போனிக் அமிலத்துக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிப்போட்ட கதைதான். முழுசாகப் பிரிந்து போகவும் வழியில்லை, சேர்ந்து இருக்கவும் மனமில்லை, அதனால் தங்களுக்குக் கிடைத்த அளவில், சில நானோமீட்டர் தூரத்துக்குள், டெஃப்லான் எல்லாம் ஒரு பக்கம் அமிலமெல்லாம் ஒரு பக்கம் என்று ஒதுங்கிக்கொள்கின்றன. அமிலம் ஒதுங்கிய இடத்தில் தண்ணீர் வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீர்தான் பாதை.

பாதை எந்த வடிவில் இருக்கிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1980களின் தொடக்கத்தில் டூபான்டைச் சேர்ந்த கீர்க்கும் ஷுவும் ஒரு படம் போட்டார்கள்: சுமார் 4 நானோமீட்டர் விட்டமுள்ள நீர்க்குமிழ்கள், அவற்றை இணைக்கும் சுமார் 1 நானோமீட்டர் கழுத்துகள். பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் படம் உண்டு. 2008இல் ஷ்மிட்-ரோர், சென் என்ற இருவர் குமிழெல்லாம் இல்லை, சராசரியாக 2.4 நானோமீட்டர் விட்டமுள்ள நீர்க்குழாய்கள்தான் பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு படமும் எக்ஸ்-கதிர்ச் சிதறலில் ஏறக்குறைய ஒரே மாதிரியான கோட்டைத்தான் விளக்க முயல்கின்றன. பேராசிரியர் அறைச் சுவரில் இரண்டையும் அருகருகே ஒட்டி வைத்திருக்கிறார், எது சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் அந்தப் படங்களைக் காட்டி, "அப்போ ஓட்டை இருக்கத்தானே மேடம் செய்யுது? குழாய்னா ஓட்டைதானே?" என்று கேட்டேன். நேர்முகத்தில் தோற்றது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. "காய வெச்சுட்டுத் தேடிப் பாரு" என்றார். ஓட்டை என்றால் அதில் இருப்பதை எடுத்த பிறகும் வெற்றிடமாக நிற்க வேண்டும். செங்கலில் இருப்பது ஓட்டை. இந்தத் தாளில் தண்ணீர் வெளியேற வெளியேறப் பாலிமர் சுருங்கி அந்த இடத்தை மூடிவிடுகிறது. தண்ணீர் வந்தால் இடம் உண்டாகிறது, போனால் இடமும் போய்விடுகிறது. அயனி பிளாஸ்டிக்குக்குள் போகவில்லை, பிளாஸ்டிக் பிடித்து வைத்திருக்கும் தண்ணீருக்குள் போகிறது.

சரி, இதைக் காதால் கேட்டுத் தலையாட்டுவது சுலபம். கையில் பட்டால்தான் புரியும். எனக்குப் பட்டது கடத்துத்திறன் அளக்கப் போனபோது.

நாஃபியான் 117 என்ற வகையை எடுத்துக் கொடுத்து, கடத்துத்திறனை அளந்து கொண்டு வா என்றார். இது எல்லோருக்கும் கொடுக்கும் முதல் வேலை, ஏனென்றால் விடை ஏற்கெனவே தெரியும். அறை வெப்பத்தில் தண்ணீரில் நன்றாக ஊறிய நாஃபியானுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 சீமென்ஸ் வாக்கில் வர வேண்டும். முதலில் தாளைப் பதப்படுத்த வேண்டும்: மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு மணி நேரம், தண்ணீரில் ஒரு மணி நேரம், அரை மோலார் கந்தக அமிலத்தில் ஒரு மணி நேரம், மறுபடி தண்ணீர், எல்லாம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. அப்புறம் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் தாளை வைத்து இறுக்கி, மாறுமின்சாரம் கொடுத்து மின்தடையைப் பார்க்க வேண்டும். நேர்மின்சாரம் கொடுத்தால் அயனிகள் மின்முனையோரம் போய்க் குவிந்து, நாம் அளப்பது தாளையா குவியலையா என்றே தெரியாமல் போய்விடும், அதனால்தான் மாறுமின்சாரம்.

எனக்கு 0.43 ஓம் வந்தது. தடிமன் 183 மைக்ரான். கணக்குப் போட்டால் 0.043. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மறுபடி பதப்படுத்தினேன், மறுபடி அளந்தேன், அதே எண். புதுத் தாள் வாங்கிக்கொண்டு வந்தேன், அதே எண். மாறாமல் வருகிறதே, அப்படியானால் அளவு சரிதான், தாள்தான் மோசம் என்று ஒரு முடிவுக்கு வந்து, தாள் எப்படிக் கெட்டிருக்கலாம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வார உழைப்பு அது.

பேராசிரியர் விளக்கத்தைப் படிக்கவில்லை. "மெம்பிரேனை எடுத்துட்டு அளந்து பாத்தியா?" என்றார்.

அளந்தேன். மின்முனை இரண்டையும் நேராக ஒட்ட வைத்து, நடுவில் எதுவுமே இல்லாமல். 0.25 ஓம்.

கம்பிகள், இடுக்கிகள், தொடும் முகங்கள், எல்லாம் சேர்ந்து தாளைவிட அதிகமாகத் தடுத்துக்கொண்டிருந்தன. நான் மூன்று வாரமாக அளந்தது பெரும்பாலும் கம்பியை. தாளின் உண்மையான பங்கு 0.18 ஓம், அதை வைத்துக் கணக்குப் போட்டால் 0.1 அழகாக வந்து நிற்கிறது. இதில் புத்திசாலித்தனமான வழி ஒன்றும் உண்டு, பிற்பாடு ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார்: ஒரு தாள், இரண்டு தாள், மூன்று தாள் என்று அடுக்கி அடுக்கி அளந்து, மின்தடையைத் தாள் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தால் வரும் கோட்டின் சரிவுதான் ஒரு தாளின் தடை, கம்பியெல்லாம் கோட்டின் அடியில் ஒரு நிலையான எண்ணாக ஒதுங்கிவிடும். அல்லது தாளைக் குறுக்காக அளக்காமல் நீளவாக்கில், நான்கு மின்முனை வைத்து அளக்கலாம். ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அதே தாள் இப்போது ஐந்நூறு ஓமுக்கு மேல் காட்டும், கால் ஓம் கம்பி அதில் எந்த மூலைக்கு? ஆனால் நீளவாக்கில் போகும் பாதையும் குறுக்கே போகும் பாதையும் ஒன்றுதான் என்று யார் சொன்னது, குறிப்பாகத் தாளை இழுத்துத் தயாரித்திருந்தால், என்று இன்னொரு சண்டை அங்கே காத்திருக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். "183 மைக்ரான்னு எழுதியிருக்க. எப்ப அளந்த? காஞ்சிருந்தப்பவா, நனைஞ்சப்பவா?" நான் அளக்கவே இல்லை. தயாரிப்பாளர் தாளில் இருந்த எண் அது. தண்ணீரில் ஊறியதும் நாஃபியான் தடிமனில் பத்து சதவீதம் போலக் கூடும், நீள அகலத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும், மொத்தக் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அப்படியிருக்க அந்த 183 எந்த நிலையில் உள்ள தாளின் தடிமன்? கடத்துத்திறன் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும்போது அதற்குள் தடிமன், பரப்பு, ஈரம், வெப்பம் எல்லாம் ஒளிந்துகொண்டிருக்கின்றன. பிறகு நான் படித்த கட்டுரைகளில் இரண்டு குழுக்கள் ஒரே பொருளுக்கு வேறு வேறு எண் சொல்லி மோதிக்கொள்ளும் இடத்துக்கு வந்தாலே முதலில் செய்முறைப் பகுதியைப் புரட்டித் தடிமனை எப்போது அளந்தார்கள் என்று தேடுவேன். பல சமயம் அந்த வரியே இருக்காது.

மூன்றாவது கூத்து குழாய்த் தண்ணீர். ஒரு நாள் காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோனது. சும்மா அலசத்தானே என்று குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தில் பிடித்து, பதப்படுத்திய துண்டுகளை ராத்திரி அதில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். காலையில் கடத்துத்திறன் படுத்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருக்கும். இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் இரண்டு சல்போனிக் தொகுதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த புரோட்டான்களை வெளியே தள்ளிவிடும். புரோட்டான் ஓடுகிற வேகத்துக்குக் கால்சியம் பக்கத்தில்கூட வர முடியாது. எவ்வளவு கால்சியம் வேண்டும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாஃபியானில் சுமார் 1100 கிராமுக்கு ஒரு மோல் அமிலத் தொகுதி, அதாவது ஒரு கிராமுக்கு 0.91 மில்லிமோல். என் துண்டு ஒரு சதுர சென்டிமீட்டர், எடை 0.04 கிராமுக்கும் குறைவு. லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டில் உள்ள எல்லா இடத்தையும் நிரப்ப 17 மில்லிலிட்டர் போதும். நான் ஒரு லிட்டரில் ஊறவைத்திருந்தேன்! நல்ல வேளை, அமிலத்தில் மறுபடி ஊறவைத்ததும் பழைய எண் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோதுதான் அயனிப் பரிமாற்றம் என்ற சொல் எனக்கு முதல்முறையாக உறைத்தது. அதுவரை பரீட்சைக்குப் படித்த சொல் அது, ஏட்டுச் சுரைக்காய்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். சோடியம் போகும்போது குளோரைடு ஏன் நிற்கிறது?

சல்போனிக் தொகுதியிலிருந்து புரோட்டான் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டால், எதிர்மின்னூட்டம் சங்கிலியிலேயே தங்கிவிடும். அது எங்கேயும் போக முடியாது, பாலிமரோடு பிணைந்தது. ஊறிய நாஃபியானில் ஒரு கிராம் பாலிமருக்கு 0.38 கிராம் வாக்கில் தண்ணீர் இருக்கும், அந்தத் தண்ணீரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நிலையான எதிர்மின்னூட்டத்தின் செறிவு லிட்டருக்கு 2.4 மோல். கடல்நீரில் உள்ள உப்பைப்போல நாலைந்து மடங்கு. அவ்வளவு எதிர்மின்னூட்டம் குடியிருக்கும் இடத்துக்குள் இன்னொரு எதிர்மின் அயனியான குளோரைடு நுழைய வேண்டுமானால் கூடவே ஒரு நேர்மின் அயனியையும் கூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும், அது வர வர உள்ளே நெரிசல். 1911இல் ஃபிரெடெரிக் டோனன் இந்தச் சமநிலையைக் கணக்கில் எழுதி வைத்தார். வெளியே 0.1 மோலார் உப்புக் கரைசல் இருந்தால் உள்ளே நுழையும் குளோரைடு 0.004 மோலார் அளவுதான், இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டையின் அளவு இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதே இல்லை.

ஆனால் அதே கணக்கில் வெளியே 1 மோலார் என்று போட்டால் உள்ளே 0.36 வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உப்பு ஏற ஏறச் சவ்வின் தேர்வுத்திறன் கரைந்துவிடுகிறது. உவர்நீருக்கு எலக்ட்ரோடயாலிசிஸ் நன்றாக ஈடுகொடுப்பதற்கும், உப்பு அதிகமாக அதிகமாகத் திணறுவதற்கும் இதுவும் ஒரு காரணம். உண்மையில் அளந்து பார்த்தால் நிலைமை டோனன் சொன்னதைவிட மோசம், கணக்கைவிட அதிக உப்பு உள்ளே வரும். ஏனென்றால் சங்கிலியில் மின்னூட்டங்கள் நெருக்கமாக இருக்கும்போது நேர்மின் அயனிகளில் ஒரு பகுதி அதன்மீதே படிந்துகொள்கிறது, படிந்தவை கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரி. இதை ஜெரால்டு மேனிங் 1969இல் பாலிமர்க் கரைசல்களுக்காகச் சொன்னார். சவ்வுக்கும் அது ஓரளவு பொருந்துகிறது என்பது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் தெளிவானது. ஓடைக்காகப் போட்ட கணக்கு, சேற்றுக்கும் சரியாக வருகிற மாதிரி. ஏன் வருகிறது என்பது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, பேராசிரியருக்கும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

புரோட்டானின் கதை தனி. தண்ணீரில் 25 டிகிரியில் மோலார் கடத்துத்திறன் அட்டவணையைப் பார்த்தால் சோடியத்துக்கு 50, பொட்டாசியத்துக்கு 73, புரோட்டானுக்கு 350. மற்றவை எல்லாம் தண்ணீருக்குள் முட்டி மோதி நீந்துகின்றன. புரோட்டான் பெரும்பாலும் நீந்துவதில்லை. ஒரு பெஞ்சில் நெருக்கமாக ஆட்கள் உட்கார்ந்திருக்க, இந்தக் கோடியில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தக் கோடியில் ஒருவர் விழுவார் இல்லையா? உட்கார்ந்தவரும் விழுந்தவரும் ஒரே ஆள் இல்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறு தன்னிடம் அதிகமாக வந்த புரோட்டானை அடுத்ததிடம் தள்ள, அது தன்னிடமிருந்த வேறொன்றை அதற்கடுத்ததிடம் தள்ள, இப்படியே தொடர்கிறது. இதைத் தியோடர் குரோட்டஸ் 1806இல் சொன்னார். அப்போது அயனி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை, தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன் என்பதும் முடிவாகவில்லை. பாதித் தகவலோடு சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் மனிதர்.

இந்தத் தள்ளாட்டம் நடக்கப் பெஞ்ச் நிரம்பியிருக்க வேண்டும், அதாவது தண்ணீர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு சல்போனிக் தொகுதிக்கு எத்தனை தண்ணீர் மூலக்கூறு என்ற எண்ணை எங்கள் துறையில் லாம்டா என்போம். லாம்டா 22 என்றால் நாஃபியான் திரவத் தண்ணீரில் நன்றாக ஊறிய நிலை. 14 என்றால் ஈரப்பதம் முழுக்க நிறைந்த காற்றில் இருக்கும் நிலை. 1991இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஸ்பிரிங்கரும் சகாக்களும் எழுதிய சமன்பாட்டில் 22ஐப் போட்டால் கடத்துத்திறன் 0.11, 14ஐப் போட்டால் 0.07, மூன்றைப் போட்டால் 0.01. இங்கே கவனித்தால் ஒரு வில்லங்கம் தெரியும். நிறைஈரக் காற்றும் திரவத் தண்ணீரும் ஒன்றோடொன்று சமநிலையில் இருப்பவை, அப்படியானால் சவ்வு இரண்டிலிருந்தும் ஒரே அளவு தண்ணீர்தான் எடுக்க வேண்டும். ஏன் 14க்கும் 22க்கும் வித்தியாசம்? ஷ்ரோடர் என்பவர் 1903இல் ஜெலட்டினில் இதையே பார்த்துக் குழம்பினார், அவர் பெயரால் இன்றும் ஷ்ரோடர் முரண் என்கிறோம். காற்றில் போதுமான நேரம் காத்திருக்கவில்லை என்று ஒரு கட்சி, மேற்பரப்பே வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று ஒரு கட்சி, சவ்வை முன்னால் எப்படிச் சூடாக்கினீர்கள் என்று கேட்கும் கட்சி ஒன்று. நான் மூன்றாவது கட்சி. ஒரு சாம்பிளைப் பழைய வரலாறு தெரியாமல் அளந்து நொந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்சியில்தான் இருப்பார்கள்.

தண்ணீர்தான் எல்லாம் என்றால், அமிலத் தொகுதிகளை இன்னும் நிறையப் போட்டு, தண்ணீரை இன்னும் நிறைய உறிஞ்ச வைத்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, இரண்டாம் வருஷம் அதைத்தான் செய்தேன். டெஃப்லான் இல்லாத சாதாரண அரோமாட்டிக் பாலிமர் (பென்சீன் வளையங்கள் கொண்டது) ஒன்றை எடுத்து சல்போனேற்றம் செய்தேன், அதாவது சல்போனிக் தொகுதிகளை ஒட்டினேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடத்துத்திறன் ஏறிக்கொண்டே போனது, நானும் குஷியாக வரைபடம் போட்டுக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் சவ்வு பீக்கரில் ஜெல்லிபோலக் கிடந்தது, இடுக்கியால் எடுத்தால் பிய்ந்தது. அதற்கு முன்பே வேறொன்று நடந்திருந்தது, நான் பார்க்கத் தவறியிருந்தேன். சவ்வு வீங்கியதில் அதே மின்னூட்டங்கள் அதிகத் தண்ணீரில் பரவி நீர்த்துப்போய்விட்டன. டோனன் கணக்கில் 2.4 இருந்த இடத்தில் 1 என்று போட்டுப் பாருங்கள், குளோரைடு தாராளமாக உள்ளே வரும். வேகமாகக் கடத்தும் சவ்வு எல்லாவற்றையும் கடத்துகிறது, கறாராகத் தேர்ந்தெடுக்கும் சவ்வு எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது. வாயுக்களைப் பிரிக்கும் சவ்வுகளுக்கு இப்படி ஒரு எல்லைக்கோட்டை லாயிட் ராப்சன் 1991இல் வரைந்தார். தண்ணீரையும் உப்பையும் வைத்து வரைந்தாலும் அதே மாதிரிக் கோடுதான் வருகிறது. இந்தத் துறையில் பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தாண்ட முயல்பவர்கள், மீதிப் பேர் தாண்டிவிட்டதாக அறிவித்தவர்களின் அளவைச் சரிபார்ப்பவர்கள். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எரிபொருள் செல்லில் இந்தத் தண்ணீர்த் தொல்லை இன்னொரு விதமாக வரும். புரோட்டான் ஓடும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, ஊறிய சவ்வில் ஒரு புரோட்டானுக்கு இரண்டரை மூலக்கூறு வரைகூட. ஒரு பக்கம் காய்கிறது, எதிர்ப்பக்கம் வெள்ளம். போதாக்குறைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் தண்ணீர் உற்பத்தியும் ஆகிறது. 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்த ஜெனரல் எலக்ட்ரிக் எரிபொருள் செல்லில் இருந்த சவ்வு நாஃபியான் கிடையாது, சல்போனேற்றிய பாலிஸ்டைரீன். அது ஆக்சிஜனேற்றத்தில் சீக்கிரம் சிதைந்துபோகும். டெஃப்லான் சங்கிலி வந்த பிறகுதான் ஆயுள் கூடியது. இப்போது அந்த ஃப்ளோரின் சங்கிலியே சூழலில் அழியாமல் தங்கிவிடும் ரசாயனங்களின் பட்டியலில் வந்து, 2023இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் அந்த வகை முழுவதையும் கட்டுப்படுத்தக் கோரிக்கை வைத்திருப்பதால், சாதாரண ஹைட்ரோகார்பன் பாலிமர்கள் பக்கம் மறுபடி எல்லோரும் ஓடுகிறார்கள். என் ஜெல்லிக்கும் ஒருநாள் மவுசு வரலாம்.

தண்ணீரே இல்லாத சவ்வு உண்டா என்று கேட்டால், உண்டு. 1973இல் ஃபென்டன், பார்க்கர், ரைட் மூவரும் பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமருக்குள் கார உலோக உப்புகள் கரையும் என்று காட்டினார்கள். சில வருஷத்தில் மிஷெல் அர்மாண்ட் இதை பேட்டரிக்கு மின்பகுளியாக, அதாவது உள்ளே அயனி ஓடும் ஊடகமாக, ஆக்கலாம் என்றார். லித்தியம் அயனியைச் சங்கிலியிலுள்ள ஆக்சிஜன்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். சங்கிலி நெளிய, பிடி ஒரு பக்கம் நழுவி இன்னொரு பக்கம் மாறும், அப்படியே அயனி நகரும். சங்கிலி அசையவில்லை என்றால் அயனியும் அசையாது. அறை வெப்பத்தில் இந்தப் பாலிமரின் ஒரு பகுதி படிகமாக உறைந்து கிடக்கும், அதனால் கடத்துத்திறன் நாஃபியானைவிடக் குறைந்தது ஒரு லட்சம் மடங்கு கீழே. அறுபது டிகிரிக்கு மேல் படிகம் உருகினால் ஆயிரம் மடங்கு வாக்கில் ஏறும். பாரிஸில் 2011 முதல் சில ஆண்டுகள் ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இந்த வகை பேட்டரிதான், அதை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு நாலில் ஒன்று போலத்தான், மீதியைச் சுமப்பது நமக்குத் தேவையே இல்லாத, உப்பின் எதிர்மின் அயனி. பாவம், லித்தியத்தைத்தான் சங்கிலி இறுக்கிப் பிடித்திருக்கிறது, எதிர்மின் அயனியை யாரும் பிடிக்கவில்லை.

இங்கேயும் ஓட்டை இல்லை. தண்ணீர் செய்த வேலையைச் சங்கிலியின் நெளிவு செய்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே போய்விட்டது. புதிதாகச் சேரும் மாணவர்கள் சல்லடை என்று வாயெடுத்தால் நானே முந்திக்கொண்டு பாய ஆரம்பித்தேன்.

அப்புறம் 2023 வந்தது.

ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் எதிர் சவ்வூடு பரவல் சவ்வுகளில் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதற்கு 1960களிலிருந்தே ஒரு விளக்கம் இருக்கிறது: தண்ணீர் பாலிமருக்குள் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி மறுபக்கம் வெளியேறுகிறது, துளை ஏதும் இல்லை. பாடமே அதுதான். அந்த ஆண்டு எலிமெலெக் என்ற சவ்வு ஆராய்ச்சியாளரின் குழுவினர் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில், அப்படியில்லை, தண்ணீர் கொத்துக் கொத்தாகத் துளைகள் வழியே அழுத்தத்தால் தள்ளப்பட்டுத்தான் போகிறது என்று கட்டுரை எழுதினார்கள். துறை இரண்டாகப் பிளந்தது என்றுகூடச் சொல்லலாம். அது தண்ணீரைப் பற்றியது, அயனியைப் பற்றியது இல்லை, நாஃபியானைப் பற்றியதும் இல்லை என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்று இரவு பழையதைப் புரட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. 1960 வாக்கில் சிட்னி லோபுடன் சேர்ந்து முதல் உருப்படியான ஆர்.ஓ. சவ்வைச் செய்த சீனிவாச சௌரிராஜன், துளை உண்டு என்ற கட்சி. தண்ணீர் சவ்வின் முகத்தில் ஒரு மெல்லிய படலமாகச் சேர்ந்து, அங்கிருந்து நுண்துளைகள் வழியே போகிறது என்பது அவருடைய விளக்கம். சவ்வைச் செய்தவரே ஓட்டை என்று சொல்லியிருக்கிறார், நான் நேர்முகத்தில் சொன்னதற்காக இத்தனை வருஷம் வெட்கப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் இதை ஒரு குற்றச்சாட்டு மாதிரியே பேராசிரியர் முன்னால் வைத்தேன். "ஓட்டை இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்? காய வெச்சுட்டுத் தேடிப் பாருன்னுதான் சொன்னேன்."

யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தார். நேர்முகத்திலும் "அப்ப சோடியம்?" என்று கேட்டதோடு சரி. ஓட்டை இல்லை என்ற வாக்கியத்தை இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். அன்று இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. தண்ணீர் நிரம்பி இருக்கும் வரைக்கும் திறந்திருந்து, தண்ணீர் போனால் மூடிக்கொள்ளும் ஒன்றைத் துளை என்று சொல்லலாமா கூடாதா, அது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால் அப்போது என்ன சொல்வது, என்று பேசிப் பேசி யாருக்கும் தொண்டைத் தண்ணி மிஞ்சவில்லை. பேராசிரியர் கடைசியில்தான் வாயைத் திறந்தார். இரண்டு விளக்கமும் வேறு வேறு எண் சொல்கிற மாதிரி ஒரு பரிசோதனை சொல்லு, ஒரே எண்ணைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்றார். யாரிடமும் உடனே பதில் இல்லை.

என்னிடம் இப்போது ஒன்று இருக்கிற மாதிரித் தெரிகிறது. ஒரே சவ்வை ஒரே அளவு வீங்க வைக்கிற, ஆனால் மூலக்கூறு அளவில் வேறுபடுகிற திரவங்கள் வேண்டும், அதில் ஒரே அயனி ஓட வேண்டும். ஒரே அளவு வீங்குகிறதா என்பதை உறுதிசெய்வதிலேயே நாலு மாதம் போய்விட்டது. இந்த வரியை எழுதும்போது ஆறு பீக்கரில் ஆறு துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன, காய்ச்சி வடித்த தண்ணீர் தீரவில்லை, இரண்டுமுறை பார்த்துவிட்டேன். காலையில் போய்த் தடிமன் அளக்க வேண்டும், நனைந்திருக்கும்போதே.